ஆற்றில் இட்ட சோறு: சீனப் புலவர் சியூ யுவான்

சீனத்தில் ஐந்தாம் மாதத்து வளர்பிறை ஐந்தாம் நாளன்று டிராகன் முகம் தாங்கிய நெடும்படகுகள் ஆறுகளில் போட்டியிட்டு விரைகின்றன. மூங்கில் இலையில் பொதிந்து அவித்த பசையரிசிச் சோற்றை இல்லந்தோறும் உண்கின்றனர். மன்னன் ஒருவனின் வெற்றி நாளன்று இது. நாடு கடத்தப்பட்ட புலவர் ஒருவர் மறைந்த நாளென மரபு கூறுகிறது.

சியூ யுவான் கி.மு. 340 அளவில் சூ நாட்டு அரச மரபின் கிளையொன்றில் பிறந்தவர். அவரது வரலாற்றை, ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் கழித்து எழுதிய சீமா சியான் வாயிலாகவே பெரிதும் அறிகிறோம். ஹுவாய் மன்னனின் அவையில் சட்டங்கள் வரையும் பொறுப்பு அவருக்கிருந்தது. அழுக்காறுற்ற அதிகாரி ஒருவன் மன்னனிடம் கோள் மூட்டினான், மன்னன் முகந்திரிந்தான்.

மேற்கே வலுத்துவந்த சின் நாட்டை எதிர்க்கச் சி நாட்டுடன் நட்புப் பூணவேண்டும் என்பது புலவரின் கொள்கை. கி.மு. 313இல் சின் தூதன் சாங் யீ, அந்நட்பை முறித்தால் 600 லீ நிலம் தருவதாக ஆசை காட்டினான். மன்னன் முறித்தான். பின்னர்த் தான் சொன்னது 6 லீ மட்டுமே என்றான் தூதன்! சினந்து போர்தொடுத்த மன்னன் படையையும் நிலத்தையும் இழந்தான். அதன் பின்னும் அவன் தெளியவில்லை. கி.மு. 299இல், புலவர் தடுத்தும் கேளாது சின் நாடு சென்றான், சிறைப்பட்டு, கி.மு. 296இல் அங்கேயே மாண்டான்.

அடுத்து வந்த மன்னன் புலவரைத் தென்திசைக்குத் துரத்தினான். அவரது பெருங்கவிதையான 'லி சாவ்' புறக்கணிக்கப்பட்ட உள்ளத்தின் துயரைப் பாடுகிறது. கி.மு. 278இல் தலைநகர் யிங் சின் படையிடம் வீழ்ந்தது. அவ்வாண்டே அவர் மிலுவோ ஆற்றில் மூழ்கினார் என்பர். தன்னுயிரைத் தானே மாய்த்தல் நம் மார்க்கம் ஏற்காதது. அம்முடிவை நாம் போற்றவில்லை. ஆட்சியாளர் முன் உண்மையுரைத்து அதற்குரிய விலையைத் தந்த நெஞ்சுறுதியையே எண்ணிப்பார்க்கிறோம்.

மீனவர் படகுகளில் விரைந்து தேடினர். மீன்கள் அவர் உடலைத் தீண்டாதிருக்கச் சோற்றை ஆற்றில் இட்டனர் என்பது மக்கள் வழக்கு. விழா அவரினும் தொன்மையானது என்று கருதும் ஆய்வாளரும் உளர். சூச்சௌ நகரத்தாரோ இதே நாளில் ஊ சிசூ என்னும் வேறோர் அமைச்சரை நினைவுகூர்கின்றனர். நம் ஹிஜ்ரி மாதங்கள் பருவங்களைக் கடந்து செல்வன. சீனரோ இடையிடையே மிகைமாதம் சேர்ப்பதால் இவ்விழா பெரும்பாலும் ஜூன் மாதத்திலேயே அமைகிறது.

2008 முதல் சீன அரசு இந்நாளைப் பொது விடுமுறையாக்கியது. 2009இல் யுனெஸ்கோ இதனை மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மிலுவோ ஆற்றங்கரையில் புலவருக்கு நினைவாலயம் ஒன்று உண்டு.