பிடிவாதக்காரர் கமில்லஸ்

தவக்காலத்தில் ஒரு தீர்மானம் எடுத்துப் பாஸ்கு முடிந்த கிழமையே அதைக் கைவிட்ட அனுபவம் உங்களுக்கு உண்டா? அப்படியானால் கமில்லஸ் தெ லெல்லிஸ் உங்களுக்கு அந்நியர் அல்லர். நோயாளருக்கும் வைத்தியசாலைகளுக்கும் பாதுகாவலராகத் திருச்சபை கொண்டாடும் இந்தப் புனிதர், இருபத்து நான்கு வயது வரையில் எடுத்த தீர்மானம் எதையும் காப்பாற்றியவர் அல்லர்.

இத்தாலியின் அப்ருஸ்ஸி மலைநாட்டில், புக்கியானிக்கோ என்னும் ஊரில், 1550ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள் பிறந்தார். தாய் முதிர்ந்த வயதில் பெற்ற பிள்ளை. பிரசவத்துக்கு முன் அந்தத் தாய் ஒரு கனவு கண்டாராம். மார்பில் சிவப்புச் சிலுவை அணிந்த ஒரு பிள்ளை முன்னே நடக்க, அதே அடையாளத்தோடு பலர் பின்னே செல்கிறார்கள். பிறக்கப் போகிறவன் கொள்ளைக் கூட்டத்துக்குத் தலைவனாவானோ என்று தாய் அஞ்சினார். பிள்ளை வளர்ந்த விதமும் அந்த அச்சத்தைப் போக்கவில்லை. படிப்பு ஏறவில்லை. கோபமோ எளிதில் ஏறியது. பதின்மூன்று வயதளவில் தாயையும் இழந்தார். படை அதிகாரியான தகப்பனிடம் அவர் கற்றவை இரண்டு: ஆயுதம் எடுப்பது, சீட்டும் தாயக்கட்டையும் ஆடுவது.

துருக்கியருக்கு எதிராக வெனிஸ் குடியரசின் படையில் சேரத் தகப்பனும் மகனும் புறப்பட்டார்கள். வழியில் தகப்பன் இறந்தார். கமில்லஸின் காலிலே ஒரு புண் உண்டாயிற்று. சிறு கொப்புளமாகத் தொடங்கிய அந்தப் புண் சாகும்வரை ஆறவில்லை. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வரலாற்றில் அதற்குப் பெரிய பங்குண்டு.

அந்நாளில் பிரான்சிஸ்கன் துறவிகள் இருவரைக் கண்டு மனம் உருகி, தாமும் அவர்களைப் போலத் துறவியாவதாக நேர்ந்துகொண்டார். துறவற மடமோ அவரை ஏற்கவில்லை. நேர்த்தியும் மெல்ல மறந்து போயிற்று. 1571இல் உரோமையிலுள்ள புனித யாகப்பர் வைத்தியசாலையில், புண்ணுக்கு மருந்து பெறுவதற்காக வேலைக்காரனாகச் சேர்ந்தார். நோயாளரைக் கவனிக்க வேண்டிய நேரத்தில் தைபர் ஆற்றுப் படகோட்டிகளோடு சீட்டாடப் போய்விடுவார். சக ஊழியரோடு ஓயாத சண்டை. சில மாதங்களில் வேலை போயிற்று. மீண்டும் போர்க்களம், மீண்டும் சூது. 1574இல் நேப்பிள்ஸ் நகரத் தெருவொன்றில் வாளைத் தோற்றார், துப்பாக்கியைத் தோற்றார், மேலங்கியைத் தோற்றார். கடைசியில் உடுத்திருந்த சட்டையையும் கழற்றிக் கொடுத்தார்.

ஆறடிக்கும் மேற்பட்ட உயரமுள்ள அந்தப் போர்வீரன், மன்பிரெதோனியா என்னும் கடற்கரைப் பட்டணத்தில் கோவில் வாசலில் நின்று கையேந்தினார். கப்புச்சின் துறவிகள் அங்கே ஒரு மடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கனவான் இரங்கி, அங்கே வேலை வாங்கித் தருவதாகச் சொன்னார். கமில்லஸுக்குப் பிடிக்கவில்லை. மறுத்துவிட்டு நண்பனோடு வேறு வழியே நடந்தார். சற்றுத் தூரம் போனபின் என்ன தோன்றிற்றோ, தனியே திரும்பி வந்தார். இரண்டு கழுதைகளை ஓட்டிக் கல்லும் சுண்ணாம்பும் தண்ணீரும் சுமப்பதுதான் வேலை. தெருப் பிள்ளைகள் பின்னால் வந்து கேலி செய்தார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சகித்தது புண்ணியத்துக்காக அல்ல, கூலிக்காக. குளிர்காலம் முடிந்ததும் கூலியோடு பழைய வாழ்வுக்குத் திரும்புவதே அவருடைய எண்ணம்.

1575 பெப்ரவரி முதலாம் நாள், சான் ஜொவான்னி ரொத்தொந்தோ ஊரிலிருந்த மற்றொரு கப்புச்சின் மடத்துக்கு அவரை அனுப்பினார்கள். நம் காலத்துப் பாத்ரே பியோ 1916 முதல் 1968 வரை வாழ்ந்த அதே ஊர்தான். அம்மடத்துத் தலைவர் ஆஞ்செலோ அடிகளார் மாலையில் அவரைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்று, கடவுளைப் பற்றியும் பாவத்தைப் பற்றியும் சில வார்த்தைகள் பேசினார். நீண்ட பிரசங்கம் ஒன்றும் இல்லை. மறுநாள் ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாள். திராட்சை இரசத் தோற்பைகளைக் கழுதைமேல் ஏற்றித் திரும்பி வருகையில், மலைப்பாதையில் அந்த வார்த்தைகள் அவரை மடக்கிப் பிடித்தன. சேணத்திலிருந்து இறங்கிக் கல்லிலே முழந்தாளிட்டுக் கதறி அழுதார்.

பல புத்தகங்கள் இவ்விடத்தில் கதையை முடித்துவிடும் வேகத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. எனக்கோ இதற்குப் பின் வந்ததே கடினமான பாகமாகத் தோன்றுகிறது. சூதாட்டம் அன்றோடு ஒழிந்தது, பிடிவாதம் ஒழியவில்லை. அது பக்தி உடையை உடுத்துக்கொண்டு வந்தது. கப்புச்சின் துறவியாகியே தீர்வது என்று நின்றார். நவசந்நியாசத்தில் முரட்டுத் துறவற உடை காலில் உராய்ந்து புண் பெரிதாயிற்று, வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கே போவார்? தம்மை வெளியேற்றிய அதே யாகப்பர் வைத்தியசாலைக்குத்தான் போனார். நான்கு ஆண்டுகள் நோயாளருக்குப் பணிசெய்தார். புண் சிறிது ஆறியது. உடனே மறுபடியும் கப்புச்சின் மடம்! அவருடைய ஆன்ம குருவான புனித பிலிப்பு நேரி வேண்டாம் என்று தடுத்தும் கேட்கவில்லை. புண் மீண்டும் திறந்தது; மீண்டும் வெளியே அனுப்பினார்கள். நல்ல காரியத்தையே கேட்டு நிற்கும் ஒருவனுக்குக் கடவுள் மறுப்புச் சொல்லும்போது, அந்த மறுப்பை விளங்கிக்கொள்வது எவ்வளவு கடினம் பாருங்கள். தீய ஆசையை விடுவதற்கு அவருக்கு ஒரு மலைப்பாதைப் பயணம் போதுமாயிருந்தது. நல்ல ஆசையை விடுவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு மேல் சென்றன.

இம்முறை வைத்தியசாலைக்குத் திரும்பியவரை அதன் நிர்வாகியாக நியமித்தார்கள். கூலிக்கு வந்த ஊழியர் நோயாளரை எப்படி நடத்துகிறார்கள் என்பதை அவர் அறிவார். அவர்களில் ஒருவனாக முன்பு தாமே இருந்தவர் அல்லவா? 1582 ஆகஸ்ட் மாதம், தேவதாயின் விண்ணேற்புத் திருநாளையொட்டிய ஓர் இரவில், சம்பளத்துக்காக அல்லாமல் கடவுளுக்காகவே நோயாளரைப் பராமரிக்கும் ஒரு குழு வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது. ஊழியர் சிலர் சேர்ந்து ஒரு சிறு செப அறை அமைத்தார்கள். மேலிடத்தார் சந்தேகப்பட்டு அதைக் கலைத்தார்கள். அங்கிருந்த பாடுபட்ட சுரூபத்தைக் கமில்லஸ் தமது அறைக்குக் கொண்டுபோனார். அந்தச் சுரூபத்திலிருந்த ஆண்டவர், இது கமில்லஸின் வேலையல்ல, தம்முடைய வேலையே என்று அவருக்கு உணர்த்தியதாகப் பாரம்பரியம் சொல்கிறது.

முப்பத்திரண்டாம் வயதில் சிறுவர்களோடு வாங்கில் உட்கார்ந்து இலத்தீன் படித்தார். பையன்கள் சிரித்தார்கள். மன்பிரெதோனியாவில் கேட்ட அதே சிரிப்பு, கேட்டவர்தான் மாறியிருந்தார். 1584இல் குருப்பட்டம் பெற்றார். யாகப்பர் வைத்தியசாலையை விட்டு விலகித் தனியாகச் சபை தொடங்குவதைப் பிலிப்பு நேரி விரும்பவில்லை. அவருக்கு ஆன்ம குருவாயிருப்பதையும் நிறுத்திக்கொண்டார். இரு புனிதர்கள் இப்படி ஒத்துப்போகாமல் இருந்தது நமக்கு ஆறுதலாகவே இருக்கிறது.

1586இல் பாப்பரசர் ஐந்தாம் சிக்ஸ்துஸ் இக்குழுவை அங்கீகரித்து, உடையில் சிவப்புச் சிலுவை அணியவும் அனுமதித்தார். தாயின் கனவு நினைவிருக்கிறதா? (இன்றைய செஞ்சிலுவைச் சங்கத்தின் சின்னம் இதிலிருந்து வந்ததென்று சிலர் சொல்வர், அது சரியல்ல. அச்சின்னம் சுவிற்சர்லாந்துக் கொடியின் நிறங்களை மாற்றி அமைக்கப்பட்டது.) 1591இல் இது முழு அளவிலான துறவற சபையாயிற்று. கொள்ளைநோய்க் காலத்திலும் நோயாளரைக் கைவிடுவதில்லை என்ற நான்காவது வார்த்தைப்பாட்டை உறுப்பினர் கொடுத்தார்கள். அதைக் காப்பாற்றி உயிர்விட்டவர் பலர்.

1598 நத்தார் காலத்தில் தைபர் ஆறு கரைபுரண்டு உரோமையை மூழ்கடித்தது. ஆற்றோரத்திலிருந்த பரிசுத்த ஆவி வைத்தியசாலையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்க, கமில்லஸும் சகோதரர்களும் நோயாளரை ஒவ்வொருவராகத் தூக்கி மேல்மாடிக்குச் சேர்த்தார்கள். புண்பட்ட காலோடு அந்த நெடிய மனிதர் படியேறி இறங்கியதை மனக்கண்ணால் பாருங்கள். தமது நோய்களைக் கடவுளின் இரக்கங்கள் என்றே அவர் சொல்லிவந்தார்.

கடைசிப் போராட்டமும் பிடிவாதத்தோடுதான். நோயாளரின் ஆன்மாவுக்கு உதவுவதோடு நில்லாமல், வைத்தியசாலையின் கூட்டல், கழுவல், உணவூட்டல் முழுவதையும் சபையே ஏற்கவேண்டும் என்றார் அவர். சபையில் பலர் இணங்கவில்லை. ஆள் போதாது, கடனும் பெருகிற்று. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. 1607இல் தாம் தொடங்கிய சபையின் தலைமைப் பதவியைத் தாமாகவே துறந்தார். கட்டளையிட்டுப் பழகியவர், தம் பிள்ளைகள் போன்றவரிடம் அனுமதி கேட்டு நடக்கும் சாதாரணத் துறவியானார். பரிசுத்த ஆவி வைத்தியசாலையிலே ஒரு சிறு அறையைப் பெற்று, இரவிலும் கட்டில் கட்டிலாகச் சென்று நோயாளரைப் பார்த்துவந்தார்.

1614 யூலை 14ஆம் நாள் உரோமையில் இறந்தார். பாப்பரசர் பதினான்காம் ஆசீர்வாதப்பர் 1746இல் அவரைப் புனிதராக அறிவித்தார். அவருடைய உடல் உரோமையிலுள்ள புனித மதலேன் மரியாள் ஆலயத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. கலைக்கப்பட்ட செப அறையிலிருந்து அவர் தூக்கிச் சென்ற அந்தப் பாடுபட்ட சுரூபமும் அதே ஆலயத்தில் இருக்கிறது.