வெ. சாமிநாத சர்மா: உலக அரசியலை எழுதியவர், ஏதிலியாய் நடந்தவர்

உலக அரசியலைத் தமிழ் உரைநடைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் வெ. சாமிநாத சர்மா. பிளேட்டோ, ரூசோ, மார்க்ஸ் ஆகியோரின் சிந்தனைகளைத் தெளிந்த தமிழில் தந்தவர் என்றே தமிழுலகம் அவரை அறியும். போர்களும் வல்லரசுகளின் வெளியுறவுக் கொள்கைகளும் மக்களை எவ்வாறு வீடிழக்கச் செய்கின்றன என்பதை எழுதியவர் அவர்; பின்னர் அவ்விழப்பைத் தாமே நடந்து கடந்தவர். அவரது வாழ்வை இக்கோணத்தில் நோக்குவது இன்றைய தேவையாகும்.

இளமையும் இதழ்ப் பணியும்

சர்மா 1895ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் வட ஆர்க்காடு மாவட்டத்து வெங்களத்தூரில் பிறந்தார். திரு.வி.க. ஆசிரியராக விளங்கிய 'தேசபக்தன்', 'நவசக்தி' ஆகிய இதழ்களில் பணியாற்றி உரைநடையில் தேர்ச்சி பெற்றார். அவர் எழுதிய 'பாணபுரத்து வீரன்' என்னும் நாடகம் ஆங்கில அரசின் தடைக்கு ஆளாயிற்று.

திரு.வி.க., வ.வே.சு. ஐயர், சுப்பிரமணிய சிவா, பாரதியார் ஆகியோரைப் பற்றிச் சர்மா எழுதிய நூல் 'நான் கண்ட நால்வர்'. இந்நால்வருள் இருவர், அதாவது பாரதியும் ஐயரும், பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுச்சேரியில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அடைக்கலம் புகுந்து வாழ்ந்தவர்கள். செங்கோட்டை வாஞ்சிநாதன் 1911இல் மணியாச்சியில் ஆஷைச் சுட்டுத் தன்னுயிரையும் மாய்த்துக்கொண்ட பின்னர், புதுச்சேரி எல்லையில் கண்காணிப்பு மிகுந்தது. ஆயினும் அவ்வெல்லைக் கோடே அங்கிருந்தோரைக் காத்தது. இரு பேரரசுகளுக்கு இடையே கிடந்த ஒரு கோடு சிலருக்குப் புகலிடமாயிற்று. அத்தகைய கோடு பல இலட்சம் மக்களைக் கைவிடவும் கூடும் என்பதைச் சர்மா பின்னர் பர்மாவில் கண்டார்.

இரங்கூன் வாழ்வு

1932இல் அவர் துணைவியார் மங்களம் அம்மையாருடன் இரங்கூன் சென்றார். அந்நாளில் பர்மா, பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்ந்த இந்தியர் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். இரங்கூன் நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியரே. துறைமுகத்தில் மூட்டை சுமந்தோரும், நெல் ஆலைகளில் உழைத்தோரும், வட்டித்தொழில் செய்த நகரத்தாரும் அவர்களுள் அடங்குவர். 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல்விலை வீழ்ந்தது. கடனை அடைக்க இயலாத பர்மிய உழவர்களின் நிலங்கள் கைமாறின. கீழ்ப்பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் கால்பங்கு நிலம் செட்டியார்களின் உடைமையாயிற்று. மண்ணுக்குரியோரின் சினம் வட்டிக்கடையோடு நில்லாமல் கூலியாட்கள்மீதும் பாய்ந்தது. 1930, 1938 ஆகிய ஆண்டுகளில் கலகங்கள் மூண்டன.

1937 ஏப்ரல் 1ஆம் நாள் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. நேற்றுவரை மாகாணம் விட்டு மாகாணம் வந்தவர் என்றிருந்த தமிழர், அன்றுமுதல் வெளிநாட்டிலிருந்து வந்தவர் ஆயினர். செங்கோட்டை வட்டாரத்தாருக்கு எல்லை மாறுவதன் பொருள் தெரியும். 1956 நவம்பர் 1ஆம் நாள் செங்கோட்டை, திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு மாறியது. அம்மாற்றத்துக்காக எவரும் மூட்டை கட்ட நேரவில்லை. கோட்டின் இருபுறமும் குடியுரிமை ஒன்றாகவே இருந்தது. பர்மாவில் இழுக்கப்பட்ட கோடோ நாளடைவில் குடியுரிமையையே பிளந்தது. 1941இல் இந்தியரின் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் ஒன்றும் உருவாயிற்று. முதற்குண்டு விழுமுன்பே தாள்களில் அவர்கள் அந்நியராக்கப்பட்டு வந்தனர்.

பிரிவினை நிகழ்ந்த அதே 1937இல் இரங்கூனிலிருந்து வெளிவரத் தொடங்கிய 'ஜோதி' இதழின் ஆசிரியப் பொறுப்பைச் சர்மா ஏற்றார். அக்காலப் பகுதியிலேயே பாலஸ்தீனம், ஸ்பெயின், செக்கோஸ்லோவேகியா, அபிசீனியா எனப் போர்மேகம் சூழ்ந்த நாடுகளைப் பற்றித் தமிழில் நூல்கள் எழுதினார். தொலைதூரத்துப் போர் நமக்கென்ன என்ற எண்ணம் பலரிடம் இருந்த காலம் அது. கடல்கடந்து வாழும் இனத்துக்கு எந்தப் போரும் தொலைவில் இல்லை என்பதே அவ்வுழைப்பின் உட்பொருள்.

நடைப்பயணம்

அப்போர் இரங்கூனுக்கே வந்தது. சீனாவைப் பணியவைக்க முயன்ற ஜப்பானுக்குப் பர்மாச் சாலை உறுத்தலாக இருந்தது. லாஷியோவிலிருந்து குன்மிங் செல்லும் அச்சாலை வழியே சீனாவுக்கு உதவிகள் சென்றன. 1941 டிசம்பர் 23ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் இரங்கூனில் குண்டுமழை பொழிந்தன. 1942 மார்ச் 8இல் நகரம் வீழ்ந்தது.

ஆட்சியாளர் தம் துறைமுகத்தை இயக்கக் கூலியாட்கள் வேண்டுமென்று எண்ணினர். எனவே தொடக்கத்தில் வெளியேற முயன்ற இந்தியர்கள் வழியில் தடுக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டனர். கப்பலின் மேல்தளத்துச் சீட்டில் செல்லும் ஏழை ஆடவருக்குத் தடை விதிக்கப்பட்டது. தடைகள் தளர்ந்தபோது காலம் கடந்துவிட்டது. கப்பலில் இடம் கிடைக்காதோர் அரக்கான் மலைவழியாகவும், மாந்தலை, கலேவா, தமு வழியே மணிப்பூருக்கும் நடந்தனர். காட்டுவழியிலும் வெள்ளையருக்கு ஒரு பாதை, கறுப்பருக்கு ஒரு பாதை என்ற வேறுபாடு நிலவியது. குண்டுக்குத் தப்பியோரைக் காலராவும் மலேரியாவும் பசியும் கொன்றன. வெளியேறியோர் ஏறத்தாழ 5 இலட்சம். வழியில் மாண்டோர் குறைந்தது 10,000 பேர் என்பர். 50,000 வரை மதிப்பிடுவோரும் உளர்.

அக்கூட்டத்தில் சர்மாவும் மங்களம் அம்மையாரும் நடந்தனர். பத்தாண்டு வாழ்வை இரங்கூனில் விட்டுவிட்டு 1942இல் தாயகம் திரும்பினர். பின்னாளில் அவர் எழுதிய 'எனது பர்மா வழிநடைப் பயணம்' இப்பெருந்துயருக்குத் தமிழில் உள்ள அரிய சான்று. பாலைத்திணையைப் பாடிய மரபில் வந்த தமிழுக்கு, பொருள்வயின் சென்றவன் பொருளிழந்து திரும்பும் வழியைக் காட்டிய நூல் அது.

திரும்பிய பின்

தாயகத்தில் சர்மா எழுத்தையே வாழ்வாக்கிக் கொண்டார். சீனா, கிரீஸ் முதலிய நாடுகளின் வரலாறுகள் அவர் எழுத்தில் தமிழுக்குக் கிட்டின. 1956இல் மங்களம் அம்மையார் மறைந்தார். காட்டுவழியில் உடன்நடந்த துணையின் பிரிவைக் குறித்த கடிதங்கள் 'அவள் பிரிவு' என நூலாயின. இறுதிக்காலத்தைச் சென்னைக் கலாக்ஷேத்திராவில் கழித்த அவர், 1978 ஜனவரி 7ஆம் நாள் மறைந்தார்.

அவர் வாழ்நாளிலேயே அவர் கண்ட வரலாறு மீண்டும் நிகழ்ந்தது. 1962இல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். கடைகளும் தொழில்களும் அரசுடைமையாயின. 1964 முதல் ஒன்றரை இலட்சத்தை ஒட்டிய மக்கள் பர்மாவிலிருந்து தமிழகம் வந்து சேர்ந்தனர். மீண்டும் பர்மா செல்ல நடந்து, எல்லையில் தடுக்கப்பட்டுத் தமுவுக்கு எதிரே உள்ள மோரேயில் தங்கிவிட்ட தமிழரும் உண்டு. சர்மா திரும்பிவந்த காலத்தில் ஏதிலிகள் கடந்த வழியில் அமைந்த ஊர் அது.

அதே 1964இல், அக்டோபர் 30ஆம் நாள், சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1962ஆம் ஆண்டுச் சீனப்போருக்குப் பின் அண்டை நாடுகளின் நல்லுறவை இந்தியா நாடிய காலம் அது. இலங்கை மலையகத்துத் தமிழர் 9,75,000 பேரின் வாழ்வு அவர்களைக் கேளாமலே எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டது. அவருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள இசைந்தது. அவ்வாறு திரும்பியோரில் ஒரு பகுதியினருக்காக உருவான ரப்பர்த் தோட்டங்கள் செங்கோட்டைக்கு மேற்கே, மலைக்கு அப்பால், புனலூர் வட்டாரத்தில் உள்ளன. 1983 ஜூலைக்குப் பின் இலங்கைப் போர் மற்றுமொரு கூட்டத்தைக் கடல்கடக்கச் செய்தது. அகதிகள் குறித்த 1951ஆம் ஆண்டு உடன்பாட்டில் கையொப்பமிடாத நாடு இந்தியா. ஆகவே வந்தவர்க்கு உரிமை என்று எதுவும் உறுதியில்லை. அந்தந்தக் காலத்து அரசின் கொள்கையே அவர்தம் நிலையை வகுத்தது.

ஏதிலியை உருவாக்குவது துப்பாக்கி மட்டுமன்று. அதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே கடன்பத்திரம், எல்லைக்கோடு, குடியேற்ற ஒப்பந்தம், கப்பல் சீட்டு ஆகியன அவனுக்காக ஆயத்தமாகின்றன. துப்பாக்கி இறுதியில் வந்து கதவைத் தட்டுகிறது. சர்மாவின் வாழ்வு இதனைத் தெளிவாக உணர்த்துகிறது. ஏதிலியின் துயரைப் பாடுவது கவிஞர்க்கு இயல்பு. அத்துயரின் காரணங்களையும் கற்றுப் பாடுவதே சர்மாவுக்குச் செய்யும் நன்றியாகும்.