தொழில் வித்தகர் சுந்தரம் அய்யங்கார்

நெல்லைச் சீமையிலுள்ள திருக்குறுங்குடியில் 1877ஆம் ஆண்டு பிறந்தவர் டி. வி. சுந்தரம் அய்யங்கார். வழக்கறிஞர் தொழில், இரயில்வே வேலை, வங்கி வேலை ஆகியவற்றில் சில காலம் ஈடுபட்டார். எதிலும் அவர் உள்ளம் நிலைபெறவில்லை. 1912இல் தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார். பின்னர் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு அத்தொழில் வளர்ந்தது.

அந்நாளில் மோட்டார் வண்டியை நம்பிப் புறப்படுவது எளிதன்று. மாடுகளின் குளம்பிலிருந்தும் குதிரைகளின் குளம்பிலிருந்தும் கழன்ற லாட ஆணிகள் சாலையெங்கும் சிதறிக் கிடக்கும். அவற்றுள் ஒன்று டயரைத் துளைத்தாலும் போதும். திருமணத்திற்குச் செல்வோரும் வழக்குமன்றத்திற்கு விரைவோரும் நடுவழியில் வெயிலில் நிற்க வேண்டியதுதான். துளை விழுந்தபின் ஒட்டுப்போடுவது எல்லாரும் செய்ததே. சுந்தரம் அய்யங்காரின் நிறுவனமோ, காந்தம் பொருத்திய வண்டியைச் சாலையில் ஓடவிட்டு அவ்வாணிகளைத் திரட்டி அகற்றியது.

பராமரிப்பு செவ்வனே நடைபெறுகின்றதா என்பதை எவ்வாறு அறிவது? பட்டறையில் சம்மட்டி ஓசை ஓயாது கேட்பது அதற்குச் சான்றாகாது. பழுதுகள் மலிந்துள்ளன என்பதற்கும் அதுவே அடையாளமாகலாம். வண்டி குறித்த நேரத்தில் வந்து சேர்கின்றதா என்பதே தக்க உரைகல். அவருடைய பேருந்து வரும் நேரத்தைக் கொண்டு மக்கள் தம் கடிகாரங்களைத் திருத்திக்கொண்டனர் என்பர்.

தொழிற்சாலைக்கும் இவ்வுரைகல் பொருந்தும். அங்கே இயந்திரம் எத்தனை முறை பழுது பார்க்கப்பட்டது என்பதைவிட, எத்தனை நாள் நில்லாமல் ஓடியது என்பதே கேட்கத்தக்கது. விருதுநகர், சிவகாசி வட்டாரத்து மாணவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. வெடிமருந்துத் தூள் படிந்த இடத்தில் சுழலும் உறுப்பொன்று எண்ணெயின்றி உராய்ந்து சூடேறினால், வேலை தடைப்படுவதோடு முடியாது; உயிர்களே பறிபோகலாம்.

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் கிடைப்பது அரிதாயிற்று. அப்போது அவர் நிறுவனம் கரியிலிருந்து வாயு உண்டாக்கும் கலங்களைச் செய்து வண்டிகளில் பொருத்தியது. தேய்ந்த டயர்களின்மேல் புதிய ரப்பர் இட்டு மீண்டும் ஓடச் செய்யும் தொழிலிலும் இறங்கியது. புதியன வாங்க இயலாத காலத்தில், இருப்பதைப் பேணத் தெரிந்தவரே வண்டி ஓட்ட முடிந்தது.

சுந்தரம் அய்யங்கார் 1955இல் மறைந்தார். அவர் மைந்தர்கள் மோட்டார் உறுப்புகள் செய்யும் ஆலைகள் பலவற்றை நிறுவினர். அவற்றுள் ஒன்றான சென்னை, பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டன் ஆலையின் தடைக்கருவிப் பிரிவு, தர மேலாண்மைக்காக ஜப்பானில் வழங்கப்படும் டெமிங் பரிசை 1998இல் பெற்றது. அப்பரிசுக்கு ஆராய வருவோர் செய்து முடித்த பொருளை மட்டும் காண்பதில்லை. அது செய்யப்படும் முறையையும் நுணுகிக் காண்பர்.