லூயி பாஸ்டர்

நோய்க்கிருமியின் கொடுமை என்றும் ஒரே அளவினது என்று நாம் எளிதில் எண்ணிவிடுகின்றோம். அக்கொடுமை தேயவும் வளரவும் கூடும் என்பதை ஆராய்ந்து காட்டிய லூயி பாஸ்டர் என்னும் பேரறிஞரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாய்க் கூறப் புகுகின்றோம்.

இவர் பிரான்சு தேயத்து டோல் என்னும் ஊரில், தோல் பதனிடுவோர் ஒருவர்க்கு மகனாய் 1822 டிசம்பர் 27 ஆம் நாள் பிறந்தார். இரசாயன நூலில் பெரும்புகழ் எய்தினார். ஆயினும் இவர்தம் ஐந்து மக்களுள் பெண்மக்கள் மூவர் இளமையிலேயே இறந்தனர். அவருள் இருவரைக் கவர்ந்தது டைபாய்டு சுரம். 1868 இல் பக்கவாதத்தால் இடப்பாகமும் செயல் குன்றிற்று. அவர் ஊக்கமோ குன்றவில்லை.

கோழிக் காலராக் கிருமிகளை நெடுநாள் காற்றுப்பட வைப்பின் கொடுமை தணியும் என்றும், அவற்றைக் குத்தப்பெற்ற கோழிகள் பின்னர்க் கொடிய கிருமிகளுக்கும் இரையாகா என்றும் 1880 இல் அறிவித்தார். மறு ஆண்டில், அடைப்பான் நோய்க் கிருமியையும் தணித்து, பலர் காண ஆடுகளுக்கு ஏற்றி, அவற்றைக் காத்தார்.

தணிந்த கொடுமை மீண்டும் ஏறுதலும் உண்டு. வளர்ந்த கினிப்பன்றிக்குத் தீங்கு செய்யாத அடைப்பான் கிருமி, பிறந்து ஒரு நாளான குட்டியைக் கொன்றது. அதன் குருதியை மற்றொன்றிற்கும், அதிலிருந்து வேறொன்றிற்குமாக மாற்றிவர, முடிவில் ஆடுகளையே கொல்லும் வன்மை பெற்றது. வெறிநாய்க்கடி நோயை முயலுக்கு முயல் மாற்றியபோதும், நோய் தோன்றுங் காலம் 7 நாளாகச் சுருங்கிற்று.

காரணம் யாதெனின், விரைந்து பெருகும் கிருமியே அடுத்த உயிருக்கு மிகுதியாய்ச் செல்கின்றது. இயற்கையில், குடியிருக்கும் உடலைப் பரவுமுன்னரே கொல்லும் கிருமி தானும் உடன் அழியும். ஊசியே அதனைச் சுமந்து செல்லுமிடத்து அத்தடை இல்லை. ஆகவே கொடுமை ஏறுகின்றது. பரவும் வழி எளிதாயின் கொடுமை மிகக்கூடும் எனப் பிற்காலத்தார் இதனை விரித்துரைத்தனர்.

1885 ஜூலை 6 ஆம் நாள், வெறிநாயாற் கடியுண்ட ஜோசப் மைஸ்டர் என்னும் 9 வயதுச் சிறுவனுக்குச் சிகிச்சை தொடங்கிற்று. நோயுற்ற முயலின் தண்டுவடத்தை உலர்த்தித் தணித்த மருந்து, நாள்தோறும் சிறிது சிறிதாக வலிமை ஏற்றிக் குத்தப்பட்டது. கடைசி நாளில் குத்தியதோ கொடுமை தணியாதது. மக்களைப் பறிகொடுத்த அப்பெரியார் அவ்விரவுகளில் உறக்கமின்றிக் கலங்கினார். சிறுவன் பிழைத்தான்.

1888 இல் பாரிஸ் நகரில் இவர் பெயரால் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. 1895 செப்டம்பர் 28 ஆம் நாள் இவர் மறைந்தார். 1907 இல் நம் குன்னூரிலும் இவர் பெயர் தாங்கிய நிலையம் எழுந்தது. தீமை வளரும் நெறியை அறிந்தோரே அதனைத் தணிக்கவும் வல்லர் என்பதனை இவர் வாழ்வால் நாம் உணர்வோமாக.