ஆற்றலின் வழி கண்ட அறிஞர்

சென்னைக்கு வடக்கே, வள்ளூரை அடுத்து ஓடும் கொற்றலையாறு எண்ணூர்க் கழிமுகத்தில் கடலோடு கலக்கிறது. அக்கழியின் நீரில் கண்ணுக்குப் புலப்படாத நுண்பாசிகள் கதிரவன் ஒளியைப் பற்றி வளர்கின்றன. அப்பாசிகளையும், அலையாத்தி மரங்கள் உதிர்த்த மட்கிய இலைகளையும் இறாலும் மடவையும் உண்கின்றன. அவற்றைக் கொடுவா மீனும் நீர்க்காகமும் இரையாகக் கொள்கின்றன. இவ்வாறு வெயிலே பாசியாகி, மீனாகி, முடிவில் மனிதனுக்கும் உணவாகிறது. இந்நெடுவழியில் ஒவ்வொரு படியிலும் ஆற்றல் எவ்வளவு செல்கிறது, எவ்வளவு குறைகிறது என்பதை அளந்து காட்டி, உயிரியலுக்குப் புதுநெறி வகுத்தவர் இரேமண்ட் லிண்டமன் ஆவார்.

இவர் 1915ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 24ஆம் நாள், அமெரிக்க நாட்டின் மின்னசோட்டா மாநிலத்தில் ரெட்வுட் பால்ஸ் என்னும் ஊரில் உழவர் குடியில் பிறந்தார். சிறுவயதிலேயே ஒரு கண்ணின் பார்வை பழுதுற்றது. உடலும் அடிக்கடி நோயுற்றது. ஆயினும் கற்கும் வேட்கை தளரவில்லை. மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, சீடர் பாக் என்னும் சிற்றேரியை ஆராயத் தொடங்கினார்.

அவ்வேரி ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழமே உடையது. குளிர்காலத்தில் அதன்மேல் பனிக்கட்டி மூடிக்கொள்ளும். லிண்டமன் ஐந்தாண்டுகள் அங்குள்ள செடிகளையும் பாசிகளையும் புழுக்களையும் மீன்களையும் திரட்டி, எண்ணி, நிறுத்துப் பார்த்தார். அவர்தம் துணைவியார் எலினோர் அப்பணியில் உடனிருந்து உதவினார். ஏரியின் உயிர்களைத் தனித்தனியே நோக்காமல், ஆற்றல் பாயும் ஒரே தொகுதியாக அவர் கண்டார். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஓராண்டில் விழும் ஒளி ஏறத்தாழ 1,18,900 கலோரி. அதில் தாவரங்கள் பற்றியது 111 கலோரி. தாவரம் உண்ணும் உயிர்களை அடைந்தது 15 கலோரி. அவற்றைக் கொன்றுண்ணும் உயிர்களை அடைந்தது 3 கலோரி மட்டுமே. எஞ்சியதன் ஒரு பகுதி உயிர்களின் மூச்சில் வெப்பமாகக் கழிந்தது. மற்றொரு பகுதி உண்ணப்படாமல் சேற்றில் மட்கியது. மண்ணின் சத்துகள் மீண்டும் மீண்டும் சுழன்று பயன்படும். செலவான ஆற்றலோ திரும்புவதில்லை.

1941ஆம் ஆண்டு அவர் முனைவர் பட்டம் பெற்று, யேல் பல்கலைக்கழகத்தில் ஹட்சின்சன் என்னும் பேரறிஞரிடம் சென்றார். அங்குத் தம் கருத்துகளைச் செம்மைப்படுத்தி, ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரையாக அனுப்பினார். ஏரி ஆராய்ச்சியில் முதிர்ந்த அறிஞர் இருவர் அதனை வெளியிடலாகாது எனக் கருத்துரைத்தனர். ஓர் ஏரியின் கணக்கைக்கொண்டு பொதுக்கொள்கை வகுத்தல் கூடாது என்பது அவர்கள் எண்ணம். லிண்டமன் சோர்ந்துவிடவில்லை; கட்டுரையைத் திருத்தியமைத்தார். ஹட்சின்சனும் அவருக்காக இதழாசிரியரிடம் பரிந்து எழுதினார். இறுதியில் கட்டுரை ஏற்றுக்கொள்ளப்பெற்றது.

அந்தோ! அதனை அச்சில் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. கல்லீரல் நோய் முற்றி, 1942ஆம் ஆண்டு சூன் 29ஆம் நாள், தமது 26ஆம் வயதிலேயே மறைந்தார். அக்கட்டுரை அக்டோபர்த் திங்களில் வெளிவந்தது. அறிஞர் பலர் அந்நெறியைப் பின்பற்றிக் காடுகளையும் கடல்களையும் அளந்தனர். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் பத்தில் ஒரு பங்கு ஆற்றலே செல்கிறது என்று பாடநூல்கள் பொதுவாகக் கூறுவது, அவர் காட்டிய வழியில் பிறந்த தோராயக் கணக்கே. உண்மை அளவு இடத்திற்கு இடம் மாறும்.

இவ்வுண்மை எண்ணூர்க் கழிக்கும் பொருந்தும். வள்ளூர் அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியும் பன்னெடுங்காலத்திற்கு முன் தாவரங்கள் சேர்த்துவைத்த வெயிலே. அவ்வட்டாரத்து அனல்மின் நிலையங்களின் நிலக்கரிச் சாம்பல் கழியில் படிந்துள்ளது. சாம்பல் படிந்து நீர் கலங்கினால் பாசிக்கு ஒளி குறையும். பாசி குறைந்தால் இறாலும் மீனும் குறையும். மீனவர் வலை வெறுமையாகும். மேற்படியில் உள்ளவர் வாழ்வு அடிப்படியில் உள்ள நுண்ணுயிரைச் சார்ந்தது. ஆதலின் சிறியதென்று எதனையும் இகழாது காத்தல் நம் கடமையாகும். குறுகிய வாழ்வில் லிண்டமன் உலகிற்கு அளித்த பேரறிவு இதுவே.