கணினிக்கு இலக்கணம் கண்டவர்

நுழையும்முன்

எழுத்துகளைக் குவித்து வைத்தால் மொழி பிறப்பதில்லை. அவை முறையாக இணையும்போதே பொருள் பிறக்கிறது. கணினியில் இடும் தரவுகளுக்கும் இது பொருந்தும் என்பதைத் தம் ஆய்வால் காட்டியவர், இந்தியக் கணினியியலின் முன்னோடி ரங்கசாமி நரசிம்மன்.

கல்வி

சென்னையில் 1926ஆம் ஆண்டு பிறந்த நரசிம்மன், கிண்டி பொறியியல் கல்லூரியில் தொலைத்தொடர்புப் பொறியியல் பயின்றார். பின்னர் அமெரிக்கா சென்று, கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் மின்பொறியியலில் முதுநிலைப் பட்டமும் இந்தியானா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். 1954இல் தாயகம் திரும்பி, மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இணைந்தார்.

நம் கையால் ஒரு கணினி

அங்கே மின்னணுக் கணினி ஒன்றை உருவாக்கும் பொறுப்பை அவர் ஏற்றார். அவருடன் பணியாற்றிய இளைஞர்களுள் பெரும்பாலோர் அதற்குமுன் கணினியைக் கையாண்டதில்லை. எனினும் அக்குழுவின் முன்மாதிரி எந்திரம் 1956இல் இயங்கியது. முழு எந்திரம் 1960இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதில் ஏறத்தாழ 2,700 வெற்றிடக் குழல்கள் இருந்தன. அதன் காந்த வளைய நினைவகம் 2,048 சொற்களை மட்டுமே ஏற்றது. ஒவ்வொரு சொல்லும் 40 இருமக் குறிகளால் ஆனது. 1962இல் பிரதமர் நேரு அதற்கு 'டிஃப்ராக்' எனப் பெயரிட்டார். வெற்றிடக் குழல்களின் இடத்தை டிரான்சிஸ்டர்கள் பிடித்த காலம் அது. ஆதலால் எந்திரம் விரைவில் பழமையாயிற்று. அதை உருவாக்கியோர் பெற்ற அறிவோ பழமையாகவில்லை.

படத்திற்கும் இலக்கணம்

1961 முதல் 1964 வரை நரசிம்மன் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தார். அணுத்துகள்கள் விட்டுச்செல்லும் தடங்களின் ஒளிப்படங்களைக் கணினியே ஆராய வேண்டும் என்பது அங்கு எழுந்த தேவை. படத்தைப் புள்ளிகளின் குவியலாகக் கொண்டால் இது கைகூடாது என அவர் உணர்ந்தார். புள்ளிகள் கோடாவதையும், கோடுகள் கூடிப் பிரிவதையும், அவற்றால் முழு உருவம் அமைவதையும் விதிகளாக வகுத்தார். எழுத்து, சொல், தொடர் என மொழிக்கு அமைந்த இலக்கணம்போலப் படத்திற்கும் ஓர் இலக்கணம் உருவாயிற்று.

உறுப்புகளோடு அவற்றின் உறவுகளையும் பதிந்து வைப்பதே தரவுக் கட்டமைப்பின் அடிப்படை. வானூர்தி, ஆலை ஆகியவற்றின் கட்டுப்பாட்டு அமைப்புகளைக் கணினியில் வடிவமைப்போரும் இவ்வழியையே பின்பற்றுகின்றனர். உணரி, கட்டுப்படுத்தி, இயக்கி ஆகிய உறுப்புகளை மட்டும் பட்டியலிட்டால் போதாது. எதன் வெளியீடு எதன் உள்ளீடாகிறது என்பதையும் பதிய வேண்டும். ஓர் இணைப்பு மாறினாலும் அமைப்பின் இயக்கமே மாறிவிடும்.

நிலைத்த பணி

இந்தியக் கணினிச் சங்கத்தின் முதல் தலைவராக விளங்கிய நரசிம்மனுக்கு 1977இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2007இல் அவர் மறைந்தார். எந்திரங்கள் தலைமுறைதோறும் மாறுகின்றன. தரவுகளுக்கிடையே உறவைக் காணும் அவரது நெறி இன்றும் கணினியியலில் வாழ்கிறது.