மீண்டு வந்தவர் நம் நடுவில்



கர்ப்பிணிப் பெண்களுக்கு அரசு வழங்கும் மகப்பேறு உதவித் திட்டத்தால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயர் நம் வீடுகளில் அறிமுகம். செங்கல்பட்டிலிருந்தும் மாமல்லபுரம் கடலோர ஊர்களிலிருந்தும் எத்தனையோ பேர் நம்பிக்கையோடு தேடிச் செல்லும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் அவர் உருவாக்கியதே.

1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில், பலரின் எதிர்ப்பையும் மீறி இடம் பெற்றார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் டாக்டராக வெளிவந்தார். சட்டமன்றத்தில் நுழைந்து தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். ஆதரவற்று வந்த பெண்பிள்ளைகளுக்காக அவ்வை இல்லம் தொடங்கினார். அவர்களுக்குச் சோறும் கூரையும் தந்ததோடு நிறுத்திக்கொள்ளாமல், கல்வியும் கைத்தொழிலும் தந்து சொந்தக் காலில் நிற்க வைத்தார்.

1923இல் ஓர் இடி விழுந்தது. அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். டாக்டராக இருந்தும் உடன்பிறந்தவளைக் காப்பாற்ற இயலவில்லை. அந்தத் துயரத்தில் அவர் முடங்கிவிடவில்லை. லண்டன் சென்று புற்றுநோய் மருத்துவம் பயின்றார். திரும்பி வந்து, இந்நோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று கேட்டபோது ஆதரவு எளிதில் கிடைக்கவில்லை. புற்றுநோய் என்றால் சாவுதான் என்று எல்லாரும் நம்பிய காலம் அது. ஆண்டுகள் பல காத்திருந்து, நன்கொடை திரட்டி, 1954இல் 12 படுக்கைகளுடன் மருத்துவமனையைத் திறந்தார். அப்போது அவருக்கு வயது 67. 1968இல் மறைந்தார்.

இன்று புற்றுநோயிலிருந்து மீண்டு பல ஆண்டுகள் வாழ்கிறவர்கள் ஏராளம். ஆனால் சிகிச்சை முடிந்ததும் எல்லாம் முடிந்துவிடுகிறதா?

தூங்கி எழுந்தாலும் தீராத அசதி, மார்பக அறுவைக்குப் பின் கைவீக்கம், கால் மரத்துப்போதல், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும், நோய் திரும்பி வருமோ என்ற பயம்... இவையெல்லாம் சேர்ந்து பலரை வீட்டின் ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுகின்றன. உட்கார உட்கார உடல் தளர்கிறது. உடல் தளரத் தளர மனமும் சோர்கிறது. உறவினரோ, ஓய்வெடுக்கட்டும் என்று அன்போடு சொல்லி விலகிவிடுகிறார்கள்.

ஓய்வு மட்டுமே மருந்தல்ல என்பது இன்றைய மருத்துவம் சொல்லும் உண்மை. முறையான உடற்பயிற்சி அசதியைக் குறைக்கிறது, மனச்சோர்வையும் தணிக்கிறது. புற்றுநோயிலிருந்து மீண்டவர்களும் இயன்றவரை வாரத்திற்கு 150 நிமிடமாவது சுறுசுறுப்பாக நடப்பது போன்ற பயிற்சி செய்யலாம் என உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. முதலில் டாக்டரைக் கேளுங்கள். எலும்பில் நோய் பரவியவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். பத்து நிமிடத்தில் தொடங்கினாலும் போதும். வாரக்கணக்கில் அழுகையும் தூக்கமின்மையும் வெறுமையும் நீடித்தால், அது விசுவாசக் குறைவு அல்ல, சிகிச்சை தேவைப்படும் நோய். 14416 என்ற இலவச எண்ணில் மனநல ஆலோசனை கிடைக்கும்.

நோயுற்றவரைச் சந்திப்பது நமக்குப் புதிதல்ல. படுக்கையில் இருக்கும்போது பழத்தோடு போகிறோம். எழுந்து உட்கார்ந்த பிறகு போகிறோமா? அவ்வை இல்லத்துப் பிள்ளைகளுக்கு முத்துலட்சுமி அம்மையார் செய்தது நமக்கு ஒரு பாடம். ஓர் உயிரை மீட்பது பாதிப் பணி. அவரை மீண்டும் வாழ வைப்பதில்தான் அது முழுமை பெறுகிறது.

உங்கள் அன்பியத்தில் அப்படி ஒருவர் இருக்கிறாரா? இன்று மாலை வெயில் தாழ்ந்ததும் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். நோயைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம். கடற்கரை வரை, இல்லையென்றால் தெருமுனை வரை, அவரோடு சேர்ந்து நடந்துவிட்டு வாருங்கள்.